ஏரி நாட்டு மலைகளில் ஐந்து நாள்

இங்கிலாந்தின் வடமேற்கே 'ஏரி நாடு' என வழங்கும் மலைப்பகுதி ஒன்று உண்டு. 1000 மீட்டரைத் தொடும் சிகரம் அங்கே ஒன்றேனும் இல்லை. ஆயினும், உயரம் குறைவு என்று எண்ணி அம்மலைகளை எளிதாகக் கருதியவர்கள் இடர்ப்பட்டது உண்டு.

கெஸ்விக் என்னும் சிற்றூரில் விருந்தினர் விடுதி நடத்திய பாப் கிரகாம் என்பவர், 1932-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 42 சிகரங்களை 24 மணி நேரத்திற்குள் சுற்றி வந்தார். அவர் சென்ற சுற்றின் நீளம் ஏறத்தாழ 106 கிலோமீட்டர். மொத்த ஏற்றமோ சுமார் 8,200 மீட்டர். அவரைப் போல் ஒரே நாளில் ஓடி முடித்தல் எல்லார்க்கும் இயலுவதன்று. சமவெளியிலும் இறக்கத்திலும் ஓடி, ஏற்றத்தில் நடந்து, சிறு கூடாரத்தை முதுகில் சுமந்து பல நாளில் முடிப்போரும் உளர். அத்தகையோர்க்கு முதல் வேலை வரைபடத்தோடு அமர்ந்து வழியை வகுப்பதே.

எத்தனை நாள் வேண்டும்? ஸ்காத்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இதற்கு உதவும். இன்றைய அளவையில் கூறின், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி. 600 மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி. அவ்வாறு கணக்கிட்டால், தூரத்திற்கு 21 மணியும் ஏற்றத்திற்கு ஏறக்குறைய 14 மணியும் ஆக, 35 மணி நேரம் வருகிறது. ஐந்து நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 7 மணி. இக்கணக்கில் ஓய்வும் களைப்பும் சேரவில்லை என்பதை மறத்தலாகாது.

இச்சுற்று இயல்பாகவே ஐந்து பகுதிகளாகப் பிரிகிறது. கெஸ்விக்கிலிருந்து திரெல்கெல்டு, டன்மெயில் கணவாய், வாஸ்டேல், ஹானிஸ்டர் கணவாய், மீண்டும் கெஸ்விக். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சாலை உண்டு. இயலாதவர் அங்கே நின்றுகொள்ளலாம். மூன்றாம் பகுதியே நீளமானது; ஆதலின் அன்று விடியலில் புறப்பட வேண்டும். திறந்த மலையில் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்கும் உரிமையை இங்கிலாந்தின் சட்டம் பொதுவாக அளிப்பதில்லை. வயல்களின் மேல்வேலிக்கு அப்பால், ஓர் இரவு மட்டும், தடயமின்றித் தங்குவோரைப் பொறுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. அந்நன்மதிப்பைக் காத்தல் விருந்தினர் கடமை.

இனி, வழியில் உள்ள பேரிடர் ஒன்றைக் கூறுவோம். இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காபெல் பைக் (978 மீட்டர்), அதன் அண்டையிலுள்ள ஸ்காபெல் ஆகிய இரண்டிற்கும் இடையே 'பிராட் ஸ்டாண்ட்' என்னும் பாறைப்படி உள்ளது. காண்பதற்குச் சிறிது, விபத்துகள் பல நேர்ந்த இடம். சுமையோடு செல்வோர் அதை விட்டொழித்து, கிழக்கே சற்று இறங்கி, 'பாக்ஸஸ் டார்ன்' குட்டையின் வழியாக ஏறுதலே அறிவுடைமை. இம்முடிவைக் களைத்துப்போன மாலையில், மூடுபனியில் நின்று எடுக்கலாகாது. வீட்டில் அமர்ந்து எடுத்திட வேண்டும்.

அண்மையிலுள்ள சீத்வெயிட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. மேகம் இறங்கினால் கண்முன் உள்ள பாதையும் மறையும். மாறான பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால், சாலை வழியே வெகுதூரம் சுற்றி வர நேரிடும். எனவே, ஒவ்வொரு நாளுக்கும் இறங்குவழி ஒன்றையும், 'இம்மணிக்குள் இவ்விடம் சேராவிடில் இறங்குவோம்' என்னும் வரம்பையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இவை யாவும் எழுதிய தாளின் படி ஒன்று வீட்டில் இருத்தல் இன்றியமையாதது. மலையிலே ஒருவர் வழி தவறினால், தேடிச் செல்வோர் தம் தொழிலை விட்டு வரும் தன்னார்வலர்களே. எந்தச் சரிவில் தேடுவது என்று அவர்களுக்கு அத்தாள் சொல்லும். மகனோ மகளோ மலைக்குப் புறப்படுகையில், உணவும் உடையும் எடுத்தாயா என்று கேட்கும் பெற்றோர், அத்தாளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்களாக!