சோற்றுக் கணக்கு

ஜூன் 15

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் கைமாறும் கமிஷன் மண்டி ஒன்றில் கணக்கெழுதுகிறார் அவர். ஊர் தென்காசி, கொச்சிக்கு வந்து தலை நரைத்துவிட்டது. வயது 53, எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.6. மாவுச்சத்தைக் குறைக்கவும் தினமும் நடக்கவும் மருத்துவர் சொன்னார். எதை, எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பழைய பேரேட்டில் மிச்சமிருந்த தாள்களில் கோடு போட்டு, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று என்று எழுதினார். வாய்க்குள் போவது வரவு, நடையில் போவது பற்று. முதல் நாள் வரவு: காலையில் புட்டும் நேந்திரம்பழமும், மதியம் செம்பா அரிசிச் சோறு, நாலு மணிக்கு டீயோடு பழம்பொரி, ராத்திரி சப்பாத்தி நாலு. பற்றுப் பக்கத்தில் எழுத, வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவிலுள்ள தெரு மட்டுமே இருந்தது.

கேரளத்தில் இந்தத் தட்டு எந்த வீட்டிலும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய இன்டியாப் ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. இந்தியாவில் வயதுவந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கேரளத்தில் 25.5. அதற்கு மேலே இருந்தவை கோவாவும் புதுச்சேரியும்தான்.

ஜூன் 19

மழை விட்ட இடைவெளியில் கல்வத்தி வழியாக ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள் வரை போய்த் திரும்பினார். ஒரு மணி நேர நடை. அவருடைய எடைக்கு அது சுமார் 270 கலோரி. 100 கிராம் சோறு 130 கலோரி என்றால், செருப்பு நனைய நடந்த நடையெல்லாம் 200 கிராம் சோற்றுக்குச் சரி. வீட்டுக்கு வந்ததும் பசி பிடுங்கியது. வழக்கத்தைவிடப் பாதிக் குற்றி புட்டு கூடுதலாக உள்ளே போனது. அன்றைய பேரேட்டில் பற்றில் மிச்சம் ஏறக்குறைய பூஜ்யம்.

இதே கணக்கில் லண்டனில் ஒருவர் மாட்டிக்கொண்டார். வில்லியம் பேன்டிங் என்பது பெயர். அரச குடும்பத்தின் சவ அடக்கங்களுக்கு ஏற்பாடு செய்த குடும்பத்துக்காரர். குனிந்து ஷூ நாடா கட்ட முடியாத பருமன். உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள் என்று விடியற்காலையில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். தசைக்குப் பலம் வந்தது. கூடவே அகோரப் பசியும் வந்து, எடை ஏறியது. 1862ல் காது மந்தம் என்று வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போனார். அவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஓராண்டுக்குள் 46 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 21 கிலோ இறங்கியது. மறு ஆண்டே பேன்டிங் அதை ஒரு சிறு நூலாக அச்சிட்டார். இன்று மாவுச்சத்தைக் குறை என்று சொல்லும் புத்தகங்களுக்கெல்லாம் மூத்தது என்று அதைச் சொல்லலாம். எழுதியவர் மருத்துவரல்ல, நோயாளி.

எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டுதான். நடை செய்கிற வேலை வேறு. தசை, சர்க்கரையை இன்சுலினை அதிகம் எதிர்பாராமல் இழுத்துக்கொள்ள அது உதவுகிறது. இறங்கிய எடை மறுபடி ஏறாமல் பிடித்துவைக்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டிக் கழித்தால் மனசுதான் உடையும்.

ஜூன் 25

எடை 76.2. துள்ளிக் குதிக்காத குறை. மனைவி மட்டும் நம்பவில்லை.

“மெஷினு ரிப்பேரான்னு பாருங்க. சோத்தைப் பாதியா குறைச்சதுக்கே இம்புட்டு எறங்குமா?”

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. உடம்பு அவசரச் செலவுக்கென்று தசையிலும் கல்லீரலிலும் சுமார் அரை கிலோ மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரங்களில் அந்தக் கிளைக்கோஜன் கரைகிறது, தண்ணீரும் போகிறது. எடைக்கருவி காட்டும் முதல் சந்தோஷத்தில் கொழுப்பின் பங்கு கொஞ்சம்தான். ஓணத்துக்கு ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டால் அதில் பாதி அடுத்த நாளே திரும்பிவந்து நிற்பதும் இதனால்தான்.

ஜூலை 2

மண்டியில் மூன்று பேருக்குச் சர்க்கரை. மூவருக்கும் ராத்திரி சப்பாத்தி. கேரளம் முழுக்க இது ஒரு சடங்கு. பகலில் சோறும் கப்பையும் எவ்வளவு போனாலும், ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டுவிட்டால் நோய்க்கு மரியாதை செய்தாகிவிட்டது. கோதுமைக்கும் அரிசிக்கும் வித்தியாசம் இல்லாமலில்லை. நார்ச்சத்து கோதுமையில் கூடுதல். ஆனால் வேகாத அரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் ஆட்டாவில் ஏறத்தாழ 70. நாலு சப்பாத்தி என்பது உருவம் மாறி வந்த சோறு.

இதைச் சாதாரண மனிதன் சொன்னால் வீட்டில் சண்டை வரும். 2025ல் நேச்சர் மெடிசின் இதழில் இன்டியாப் ஆய்வாளர்களே சொன்னார்கள். இந்தியர்களின் அன்றாடக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்து, மொத்த மாவுச்சத்தை அப்படியே விட்டுவைத்தவர்களுக்கு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அன்றாடக் கலோரியில் 5 சதவீதத்தை மட்டும் மாவுச்சத்திலிருந்து பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றினால் நீரிழிவு வாய்ப்பு குறைவு என்று கணக்கு காட்டியது. கேழ்வரகு விற்கிற கடைக்காரர்களுக்கு இந்தச் செய்தி பிடித்திருக்காது.

5 சதவீதம் என்றால் என்ன? அவர் பேனாவை எடுத்தார். 2,000 கலோரியில் 100 கலோரி, 25 கிராம் மாவுச்சத்து. சோற்றில் ஏறக்குறைய 90 கிராம், ஒரு சின்னக் கரண்டி. இதே குழு 2022ல் 18,090 பேரின் உணவுக் கணக்கை வைத்து, நீரிழிவு பின்வாங்க வேண்டுமென்றால் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதத்துக்குள் வரட்டும், புரதம் 20ஐ நெருங்கட்டும் என்றது. 62க்கும் 52க்கும் வித்தியாசம் நாளொன்றுக்கு 50 கிராம் மாவுச்சத்து. மலைபோல் பயந்தது கடைசியில் இரண்டு கரண்டி.

கஞ்சியை வடித்துவிட்டால் சர்க்கரை போய்விடும் என்று மனைவிக்கு ஒரு நம்பிக்கை. வடிகிற தண்ணீரில் கொஞ்சம் போகும். பெரும்பங்கு பருக்கைக்குள்ளேயே இருக்கிறது. இதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

ஜூலை 6

மதியம் மண்டிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை. பரிமாறுகிற பையன் வாளியோடு வந்து “சேட்டா, சோறு இடட்டே?” என்றான். கையை இலைமேல் குறுக்கே வைத்தால் அவன் முகம் வாடிவிடுகிறது. ஆகவே தந்திரம்: சோறு வருமுன் வறுத்த சாளை இரண்டு, தோரன் இரண்டு தடவை. நம் பக்கம் மத்தி என்கிற சாளை, 100 கிராமுக்கு 20 கிராம் புரதம் தரும் மீன். கொச்சியில் நல்ல பருவத்தில் விலையும் கைக்கு அடங்கும். குறைத்த சோற்றின் இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் நாலு மணிக்குப் பழம்பொரி கூப்பிடும். மீனோ கடலைக்கறியோ வைத்தால் அவ்வளவு உரக்கக் கூப்பிடாது.

ஜூலை 11

ஜூ டவுன் பக்கம் நடக்கும்போது விரல் நடுங்கியது, சட்டை வியர்வையில் ஒட்டியது, கண் மங்கியது. சர்பத் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கரை போட்ட நாரங்காவெள்ளம் குடித்தார். கால்மணி நேரத்தில் தெளிந்தது.

அவர் போட்டுக்கொண்டிருப்பது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினை ஊற்றச் சொல்லும் மாத்திரை; தட்டில் சோறு பாதியானது அதற்குத் தெரியாது. அதற்குமேல் நடையும் சேர்ந்தால் சர்க்கரை குழிக்குள் விழும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. உணவைக் குறைக்கத் தொடங்கும் அன்றே மாத்திரை அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசவேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் வேண்டும். 15 கிராம் சர்க்கரை எடுத்து 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதிக்கவேண்டும். மறுநாள் மருத்துவர் கிளிமிபிரைடைப் பாதியாக்கினார். பேரேட்டில் அன்று வரவு, பற்று இரண்டும் காலி.

ஜூலை 18

கர்க்கடக மாதம் பிறந்துவிட்டது. மருந்துக்கடைகளில் கர்க்கடகக் கஞ்சிப் பொட்டலங்கள் அடுக்கியாயிற்று. ஞவர அரிசி, வெந்தயம், மூலிகைகள். மழைக்காலத்தில் உடம்பைத் தேற்றும் மருந்து என்று பக்கத்துவீட்டு அம்மா ஒரு பெரிய கிண்ணம் கொடுத்தனுப்பினார். மருந்தானாலும் அரிசி அரிசிதான். ராத்திரிச் சப்பாத்திக்குப் பதிலாகக் குடித்தார், கூடுதலாக அல்ல.

ஜூலை 27

அண்ணன் மகன் எர்ணாகுளத்தில் ஜிம்முக்குப் போகிறவன். கீட்டோவில் இருக்கிறான்; நாளொன்றுக்கு 50 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து. “சித்தப்பா, நீங்க எதுக்கு இன்னும் சோத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க?” என்றான்.

எடை குறைவதில் அவன் சொல்வது பொய்யில்லை. ஆனால் 2018ல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை ஓராண்டு தொடர்ந்தபோது, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ குறைத்தார்கள். வித்தியாசம் பொருட்படுத்தும்படி இல்லை. பயிற்சி கடுமையானால் கதை இன்னும் மாறுகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலப்புறத்துக்காரர் கே.டி. இர்ஃபான் 20 கிலோமீட்டர் நடையில் 10வதாக வந்தாரே, அந்த விளையாட்டின் வீரர்களைத்தான் ஆஸ்திரேலியாவின் லூயிஸ் பர்க் சோதனைக்கு எடுத்தார். மூன்று வாரம் கொழுப்பையே எரிபொருளாக்கிய வீரர்களின் உடல் கொழுப்பை நன்றாகவே எரித்தது. ஆனால் ஒரே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. மாவுச்சத்து சாப்பிட்டவர்கள் பந்தய நேரத்தில் முன்னேறினார்கள், இவர்கள் முன்னேறவில்லை. 2017ல் வெளியான ஆய்வு அது.

கல்வத்தி வரை காலாற நடக்கும் கணக்குப்பிள்ளைக்கு இதனால் நஷ்டமில்லை. அந்த வேகத்துக்குக் கொழுப்பே போதும். ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகிறவன்தான் யோசிக்கவேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீட்டோ பக்கம் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். அண்ணன் மகனுக்கு மாத்திரை கிடையாது. அவன் முட்டை தின்கட்டும்.

ஆகஸ்ட் 4

அன்று நடை நீண்டு, வெளி பகுதியின் டோபிகானா வரை போனது. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லும் தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே துணி துவைக்கிறார்கள். தொட்டிக்குத் தொட்டி நின்று, கல்லில் அடித்து, கஞ்சியில் முக்கி, வெயிலில் கயிறு முறுக்கி மாட்டுகிறார்கள். ஒரு முன்பகல் அங்கே நிற்கிறவருக்கு எந்தப் பேரேடும் தேவைப்படாது.

மட்டாஞ்சேரியின் பெரிய சோற்றுத் தட்டு அப்படிப்பட்ட உடம்புகளுக்காக அமைந்தது. கப்பலிலிருந்தும் பண்டகசாலையிலிருந்தும் தலைச்சுமையாக மூட்டை இறக்கிய ஊர் இது. கூட்டத்தின் நடுவே மேஸ்திரியான மூப்பன் எறிகிற ‘சாப்பா’ என்ற உலோக வில்லையை அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கே அன்றைய வேலை. அந்தச் சாப்பா முறைக்கு எதிராக நடந்த போராட்டத்தில், 1953 செப்டம்பரில், சைது, சைதலவி, ஆண்டனி என்ற தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ படம் அந்தக் கதைதான். மூட்டை தூக்கியவனின் சோற்றை, மூட்டைகளை எண்ணி எழுதுகிறவன் அதே அளவில் சாப்பிடுகிறான். மூட்டை கன்டெய்னருக்குப் போயிற்று, தட்டு மட்டும் சுருங்கவில்லை.

ஆகஸ்ட் 12

எடை 74. கூடவே தோள் மெலிந்துபோனதாக மனைவி சொல்கிறார். அதிலும் உண்மை உண்டு. எடை இறங்கும்போது பொதுவாகக் கால்பங்கு வரை தசையும் போகும், அதற்கு வேலை கொடுக்காவிட்டால்.

இந்தியர்களுக்குத் தசை ஏற்கெனவே குறைச்சல்தான். 2004ல் லான்செட்டில் புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற படம் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. எடைக்கருவி மட்டும் பார்க்கிறவர்கள் சுவரில் மாட்டவேண்டிய படம் அது.

ஆகவே பேரேட்டில் மூன்றாவது பத்தி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல், சுவரில் கையூன்றித் தண்டால், ரப்பர் பட்டை இழுத்தல். வாரத்தில் இரண்டு நாள், உலக சுகாதார நிறுவனமும் அவ்வளவுதான் கேட்கிறது. மண்டியில் 50 கிலோ மிளகு மூட்டையை அசைத்துப் பார்க்கலாமா என்று ஒரு ஆசை வந்தது. சுமட்டுத் தொழிலாளிகள் சிரித்த சிரிப்பில் அது அடங்கியது.

திருவோணத்துக்கு முந்தின வாரம்

எடை 73.4, இடுப்பு 92. ஆண்களுக்கு 90க்குள் என்பது இந்திய அளவுகோல். ஹெச்பிஏ1சி பார்க்க செப்டம்பர் நடுவாகும்; சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய நான்கு மாதம், மூன்று மாதம் ஆகுமுன் பார்த்துப் பயனில்லை.

மண்டியில் ஊழியர்களுக்கு ஓண சத்யா. முதலில் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், ரசம், மோர் என்று சோறு மூன்று தடவை வரும். அவர் பருப்புச் சோற்றோடு நிறுத்தி, அவியலும் காளனும் எரிசேரியும் கேட்டு வாங்கிக்கொண்டு, பாயசங்களில் பாலட பிரதமனை மட்டும் சாப்பிடுவதென்று முடிவெடுத்திருக்கிறார். பருப்புப் பிரதமன் பிடிக்காது என்பதால் தியாகம் பெரிதல்ல.

ஓணக்கோடியாகப் புதுச் சட்டை எடுக்கப் போன இடத்தில் தகராறு. கடைக்காரர் அளவு கேட்டார். அவர் வழக்கம்போல 42 என்றார்.

“40 எடுங்க” என்றார் மனைவி. “ஓணம் முடிஞ்சு மறுபடி 42க்குப் போனீங்கன்னா, நான் பிரிச்சுத் தைக்க மாட்டேன்.”