கில்லாரி: சதுர அடியில் அளந்த கிராமம்

மகாராஷ்டிரத்தில் லாத்தூருக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், கரிசல் காட்டுக்கு நடுவே இரண்டு கில்லாரிகள். ஒன்று, ஊர் இருந்த இடம். மற்றொன்று, ஊர் என்று அரசு கட்டிக் கொடுத்தது. புதிய கில்லாரியின் சாலைகள் அகலமானவை, நேரானவை. வீடுகள் கணக்கு நோட்டின் கட்டங்களைப் போல வரிசை பிசகாமல் நிற்கின்றன. வரைபடத்தில் பார்க்க அழகான ஊர். குடியிருக்க வந்தவர்களுக்குத்தான் அது பிடிபடவில்லை.

1993 செப்டம்பர் 30. விநாயகர் ஊர்வலம் முடித்துக் களைத்துப் படுத்திருந்த மக்களை அதிகாலை 3.56க்கு பூகம்பம் உலுக்கியது. லாத்தூர், உஸ்மானாபாத் (இன்று தாராசிவ்) மாவட்டங்களில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டதாக அரசுக் கணக்கு. அவர்களைக் கொன்றது, வெயிலுக்கு அரணாக இருந்த அதே வீடுகள்தான். சேற்றில் அடுக்கிய கனமான கற்சுவர். மர உத்தரத்தின் மேல் கெட்டியாகப் பரப்பிய மண். சுவர் பிளந்ததும் கூரை மொத்தமும் உறங்கியவர்கள் மேல் விழுந்தது. முந்தைய ஆண்டே, 1992இல், கில்லாரி பலமுறை நடுங்கியிருந்தது. ஆனால் பூகம்ப வரைபடத்திலோ அந்தப் பகுதி ஆபத்து மிகக் குறைந்த மண்டலம்.

அதன் பிறகு அரசு வேகம் காட்டியது. 52 கிராமங்களை முழுமையாக இடம்பெயர்ப்பது என்று முடிவாயிற்று. உலக வங்கி கடன் தந்தது. தொண்டு நிறுவனங்கள் கிராமங்களைத் தத்தெடுத்தன. வீடுகள் தயாராகும் வரை மக்கள் தகரக் கொட்டகைகளில் வெந்தார்கள். வீட்டின் அளவை நிலம் தீர்மானித்தது. நிலமற்றவர்களுக்கும் ஒரு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர்களுக்கும் 250 சதுர அடி. ஏழு ஹெக்டேர் வரை 450. அதற்கு மேல் 750. பறிகொடுத்தது எல்லோரும்தான். ஆனால் நிவாரணமும் பழைய ஏற்றத்தாழ்வின்படியே அளந்து தரப்பட்டது.

மராத்வாடாவின் பழைய 'வாடா' வீடு தெருவுக்கு முதுகைக் காட்டி முற்றத்தைப் பார்த்து நிற்கும். மாடு, தானியம், கலப்பை, கூட்டுக் குடும்பம் அனைத்துக்கும் அதில் இடம் உண்டு. வெளியார் கண்ணில் படாமல் பெண்கள் புழங்க அந்த முற்றம் உதவியது. புதிய வீட்டின் வாசல் நேரே சாலையில் திறந்தது. மாட்டைக் கட்ட இடமில்லை. ஊர் பல மடங்கு பரந்து விரிந்ததில் பக்கத்து வீட்டுக்காரர் தூரத்து வீட்டுக்காரர் ஆனார். அந்த விஸ்தாரத்துக்கும் விளைநிலத்தைத்தான் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே மக்கள் தாங்களே திருத்தினார்கள். கிடைத்த தகரத்தையும் கல்லையும் கொண்டு சமையலறை, தொழுவம், மதில் என ஒட்டுக் கட்டினார்கள். பூகம்பத்தைத் தாங்கும் என்று தரப்பட்ட வீட்டைச் சுற்றி, பூகம்பத்தைத் தாங்காத சுவர்கள் மறுபடியும் எழுந்தன. ஏன் இப்படி நேர்கிறது என்று யோசிக்க வேண்டிய அரசு, அதை மக்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக்குள் வாழப் போகிறவர்களைக் கலக்காமல் வீடு கட்டியதற்கு வந்த பதில் அது.

வேறு வழி இருந்ததற்கான சாட்சியும் அதே திட்டத்திலேயே இருக்கிறது. இடம்பெயர்க்கப்படாத கிராமங்களில் சுமார் இரண்டு லட்சம் வீடுகளைப் பழுதுபார்க்கவும் பலப்படுத்தவும் வீட்டுக்காரர்களிடமே தவணைகளில் பணம் தரப்பட்டது. ஸ்வயம் சிக்ஷண் பிரயோக் என்ற அமைப்பின் உதவியோடு, கிராமப் பெண்களே 'சம்வாத் சகாயக்' என்ற பெயரில் அரசுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் நடுவே நின்றார்கள். எந்தச் சுவரை எப்படிப் பலப்படுத்துவது என்று கற்றார்கள், கற்பித்தார்கள்.

2001இல் குஜராத்தின் கட்ச் பகுதி இடிந்தபோது, பெரும்பாலானவர்கள் இடம்பெயர மறுத்து, பணத்தைப் பெற்று இருந்த இடத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். 2002இல் கில்லாரிப் பகுதியின் பூகம்ப மண்டலமும் திருத்தப்பட்டது. இரண்டு பாடங்களுக்கும் விலை கொடுத்தது கில்லாரிதான். செப்டம்பர் 30 வரும்போதெல்லாம் அங்கே மாண்டவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். பிழைத்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதற்கு நினைவுத் தூண் இல்லை. அவர்கள் கட்டிய ஒட்டுச் சுவர்கள்தான் இருக்கின்றன.