நாலாவது டைரண்ட்

வார்ஹாமர் 40,000 தெரியுமா மக்களே? பொம்மைப் படைகளை மேஜையில நகர்த்தி, பகடை உருட்டி அடிச்சுக்கற ஆட்டம். பொம்மைகளுக்குப் புள்ளிக்கணக்குல விலை. ஆளுக்கு 2000 புள்ளி. அப்ப சமம்தானே? அதான் இல்ல. 2018 மார்ச்ல, சிகாகோ பக்கம் நடந்த அடெப்டிகான் போட்டிக்குப் பறக்கற ஹைவ் டைரண்ட்டையே ஆறேழுன்னு அடுக்கிட்டு வந்துட்டாங்க. விலையில பக்! ஏப்ரல்ல கேம்ஸ் ஒர்க்‌ஷாப் ஹாட்ஃபிக்ஸ் விட்டாங்க: 2000 புள்ளிப் படையில ஒரே வகை மூணுக்கு மேல வேணாம் (சாதா சிப்பாய்களுக்கு விலக்கு).

இது தெரியாம, லீட்ஸுக்கு ஆன்சைட் வந்த புதுசுல செகண்ட் ஹேண்ட்ல நாலு டைரண்ட் வாங்கி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பெயிண்ட் அடிச்சேன். லிஸ்ட் அனுப்பினா, "ஒண்ணைக் கழட்டுங்க". செம கடுப்பு. ஆனா எதிர்ல உக்கார்றவனும் ஞாயித்துக்கிழமையைத் தொலைச்சுட்டுத்தானே வர்றான்?

முதல்ல அடிச்ச திட்டுத்திட்டானதைக் கழட்டிட்டு, குட்டிப் பூச்சிகளை நிரப்பினேன். தோத்தேன்தான், அஞ்சாவது ரவுண்டு வரைக்கும் இழுத்து. கழட்டினது ஆபீஸ் மானிட்டர் பக்கத்துல நிக்குது, ஒரு றெக்கை பச்சை, ஒரு றெக்கை கரும்பச்சை.