45 நாள் லீவு

(மூன்றாமாண்டு, சிவில் பிரிவு)

நம் வகுப்பில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். அப்பாவோ, அண்ணனோ, தாய்மாமாவோ 'வெளிநாட்டில் இருக்கிறார்' என்று சொல்பவர்கள் எத்தனை பேர் தேறுவார்கள் என்று! ஏரல், உடன்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர் என்று எந்தப் பக்கத்துப் பையனைக் கேட்டாலும் வீட்டுக்கு ஒருவர் உண்டு. வெளிநாடு என்றால் சினிமாப் பாட்டில் வருகிற வெளிநாடு இல்லை. மணல், கம்பெனி ரூம், அடுக்குக் கட்டில்... அந்த வெளிநாடு. அமெரிக்கா போனவர் ஊருக்கு வந்தால் அதைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரையே எழுதிவிடுகிறார். குவைத் போனவர் வந்தால் யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் அப்பா குவைத்தில் கம்பி கட்டுகிறார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தாத்தா கைநாட்டு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத் தண்ணீர் பாய்கிற யாரோ ஒருவரின் வாழைத்தோட்டத்தில் கூலி. அப்பாவும் வாழைத்தார் சுமந்தவர்தான். பிறகு தூத்துக்குடியில் கட்டிட வேலைக்குப் போய், கம்பி வளைக்கப் பழகி, 2014-ல் விமானம் ஏறினார். அப்போது எனக்கு ஏழு வயது. 2016, 2018, 2022, 2025 என்று நான்கு தடவை லீவில் வந்திருக்கிறார். நடுவில் ஒரு லீவைக் கொரோனா தின்றுவிட்டது. தடவைக்கு 45 நாள். பெருக்கிப் பாருங்கள், 180 நாள். பத்தரை வருஷத்தில் என் அப்பாவோடு நான் இருந்தது ஆறு மாசம்!

அவருடைய பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று அச்சாகியிருக்கும். பத்தாவது பாஸ் ஆகாதவர்கள் குவைத், சவுதி முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் அரசாங்கத்திடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. 1983-ம் வருஷத்துச் சட்டம். படிக்காத ஜனங்களை ஏஜெண்டுகள் ஏமாற்றிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் கொண்டு வந்ததுதான். ஆனாலும் அப்பாவுக்கு அந்த மூன்று எழுத்து பிடிக்காது. கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டும்போது பெருவிரலால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நீட்டுவார். நான் பார்த்திருக்கிறேன்.

2025 ஜனவரி 10-ம் தேதி, பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வந்தார். நானும் சித்தப்பாவும் வேன் பிடித்து திருவனந்தபுரம் போனோம். கயிறு போட்டு வரிந்து கட்டிய அட்டைப்பெட்டி, மேலே மார்க்கரில் பெயர், 'ஸ்ரீவைகுண்டம் - 628601'. அப்பாவின் உடம்பில் ஸ்வெட்டர்! நமக்குத்தான் குவைத் என்றால் வெயில். ஜனவரியில் அங்கே பல் கிடுகிடுக்கிற குளிராம். வேனில் ஏறியதும் ஏ.சி.யை நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்கிவிட்டார். நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழி காற்றாடிகள் வந்தன, வள்ளியூர் வந்தது, நாங்குநேரி வந்தது, மனுஷர் பேசவே இல்லை. செய்துங்கநல்லூர் கடந்து எங்கள் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஏலே, அந்த ரயிலு எங்கன நின்னுச்சு?"

எந்த ரயில் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17. நான் அப்போது முதலாமாண்டு. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செண்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் அன்றிரவு எங்கள் ஸ்டேஷனில் நின்றது, நின்றது நின்றதுதான். முன்னால் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியே இல்லை, தண்ணீர் அரித்துப் போய்விட்டது. சுமார் 800 பயணிகள். புதுக்குடி ஜனங்கள் இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். ஹெலிகாப்டர் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது. 19-ம் தேதிதான் அவர்களை வெளியே கொண்டு வந்து, மணியாச்சி வரை பஸ்ஸில் கூட்டிப் போய், வேறு ரயிலில் ஏற்றினார்கள்.

அந்த மூன்று நாளும் நாங்கள் அடுத்த வீட்டு மொட்டை மாடியில் இருந்தோம். கரண்ட் இல்லை, டவர் இல்லை. அப்பா குவைத்தில் ரூமில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒம்பது வருசமா நம்ம ஊருப் பேரச் சொன்னா ரூமுல ஒருத்தனுக்கும் தெரியாது. திருநெல்வேலி பக்கம்னு சொல்லுவேன். அன்னைக்கு மலையாளத்தான், ஆந்திராக்காரன் எல்லாவனும் ஸ்ரீவைகுண்டம் ஸ்ரீவைகுண்டம்ங்கான். டி.வி.ல ரயிலக் காட்டுதான், ஹெலிகாப்டரக் காட்டுதான்... நம்ம தெருவ மட்டும் ஒருத்தனும் காட்டல."

நாலாம் நாள் யாரோ ஒருவருடைய போனை வாங்கி, மேட்டில் ஏறி நின்று நான்தான் பேசினேன். அப்பா ஹலோ சொல்லவில்லை. "ஒங்க ஆச்சி?" என்று மட்டும் கேட்டார். இருக்காங்கப்பா என்றேன். பிறகு ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நானே வைத்துவிட்டேன்.

உடனே கிளம்பி வர முடியவில்லை. லீவுக்குத் தவணை இருந்தது; டிக்கெட்டுக்குப் பணமும் இல்லை, அது எங்களுக்கு அனுப்பியாகிவிட்டது. ஆகவே 13 மாசம் கழித்து வந்துதான் அவர் அந்தச் சுவரைப் பார்த்தார். எங்கள் வீட்டில் முன்அறை செங்கல், பின்அறை மண்சுவர். மண்சுவர் கரைந்து போய்விட்டது, தார்ப்பாய் கட்டியிருந்தோம். அரசாங்கம் கொடுத்த 6000 ரூபாய் பாத்திரம் பண்டத்துக்கே சரியாகிவிட்டது. முன்அறைச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று அம்மா கேட்டதற்கு, "கோட்ட அழிச்சிராத, நான் பாக்கணும்" என்று போனிலேயே சொல்லியிருந்தார். வந்து, ஆச்சி காலைத் தொட்டு, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, டேப்பை எடுத்து அளந்தார். நாலடி ரெண்டங்குலம். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "சரி" என்றார்.

பெட்டி பிரித்த கதை உங்கள் வீட்டுக் கதைதான். கோடாலித் தைலம், பேரீச்சம்பழம், பால் பவுடர், சோப்பு, ஆச்சிக்குக் கம்பளி. யார் யாருக்கு என்ன என்று அம்மாவிடம் லிஸ்டே இருந்தது. செண்ட் பாட்டில் சின்னதாக இருக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் பொங்கலுக்கே வரவில்லை என்றால் பாருங்களேன்! அப்பா அதற்கெல்லாம் அசரவில்லை. அவர் கேட்டது பழைய சோறும் சுட்ட கருவாடும். அப்புறம் ஆறு. தினமும் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். "அங்கன ஆறுன்னு ஒண்ணு கெடையாதுலே. கடல் தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்க, குளிக்க எல்லாம்." நாம் வாட்டர் சப்ளை பாடத்தில் படிக்கிற உப்பு நீக்கும் நிலையத்தை அவர் இவ்வளவுதான் சொன்னார். ஊரையே மூழ்கடித்த அதே ஆற்றில் அவர் கழுத்தளவு நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறார். கரையில் நின்ற எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

தை பிறந்ததும் பின்அறை வேலையை ஆரம்பித்தோம். பத்துக்குப் பத்து. கொத்தனார் வெளியாள்; கம்பி வேலை முழுக்க அப்பா, கையாள் நான். தரைமட்டத்தை ரெண்டடி தூக்கினோம். நாலு மூலைக்கும் கான்கிரீட் தூண்.

நம் வகுப்பில் கம்பி எடைக்குச் சூத்திரம் சொல்லித் தந்தார்கள் அல்லவா, விட்டத்தை வர்க்கமாக்கி 162-ஆல் வகு என்று? கடைக்காரர் பில் போட்டதும் நான் செல்போனைத் தட்டினேன். 12 மில்லிக் கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ. அதற்குள் அப்பா கம்பிகளை எண்ணிவிட்டு மொத்த எடையைச் சொல்லிவிட்டார். எப்படிப்பா என்றேன். "தோளு சொல்லும்லே." சூத்திரத்தைக் காட்டினேன். ரெண்டு மூன்று கம்பிக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாக வந்ததும், "இத எவம்லே கண்டுபுடிச்சான், நம்மாளா?" என்றார். சிரித்தாலும், அன்று சாயங்காலம் அந்த 162-ஐ தன் செல்போன் கவருக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

ரிங் வளைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தார். ரெண்டு முனையும் சும்மா செங்குத்தாக நிற்கக் கூடாது, தூணின் வயிற்றுக்குள் மடங்கிப் போக வேண்டும். புத்தகத்தில் 135 டிகிரி கொக்கி என்று படித்திருந்தேன். எதற்கு என்பதை அவர்தான் சொன்னார்: "ஆட்டம் குடுத்தா கைய விட்டுரக் கூடாதுல்லா." கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கி என் விரல் பொத்துவிட்டது. அவர் விரல்களைப் பார்த்தேன். பொத்துவதற்கு அங்கே தோலே இல்லை, எல்லாம் காய்ப்பு.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிச்சநல்லூர் போனோம். பக்கத்து ஊர்தான், இருந்தாலும் 2023-ல் அங்கே மியூசியம் திறந்த பிறகு அவர் பார்த்ததில்லை. குழிக்குள் தாழிகள் இருந்தது இருந்தபடியே இருக்கின்றன, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அதன் மேல் நின்று பார்க்கலாம். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மன்காரர் இங்கே தோண்டி எடுத்ததையெல்லாம் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று சொன்னேன். "திரும்பி வரலியா?" "இல்லப்பா." "அக்காமா முடிஞ்சிருக்கும்" என்றார். கண்ணாடி மேல் நின்றிருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி நான் சிரித்துவிட்டேன். (அக்காமா என்றால் அங்கே தங்குவதற்கான அனுமதி. ஆறு மாசத்துக்கு மேல் குவைத்துக்கு வெளியே இருந்தால் அது ரத்தாகிவிடும்.)

இனி, வீட்டில் நடந்த பேச்சு. அம்மா முப்பது நாள் பொறுத்தாள். தளம் போட்ட அன்று ராத்திரி ஆரம்பித்தாள். 2024 ஜூன் 12-ம் தேதி குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டிடத்தில் விடிகாலையில் தீப்பிடித்தது நினைவிருக்கும். இந்தியர்கள் மட்டும் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 7 பேர் தமிழ்நாடு. விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்தன. அன்று அப்பாவிடமிருந்து போன் வரும்வரை அம்மா அடுப்பே பற்ற வைக்கவில்லை.

"ஒங்க ரூமுல எத்தன பேரு?"

"எட்டு."

"கதவு எத்தன?"

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா விடவில்லை. "கேக்கேம்லா, கதவு எத்தன?"

"ரூமுக்கு ஒண்ணுதான்ட்டி இருக்கும்."

"போவாண்டாம். கஞ்சியக் குடிச்சிட்டுக் கெடப்போம்."

நானும் சொன்னேன். "அப்பா, டிப்ளமோ முடிஞ்சதும் நான் வேலைக்குப் போறேன். நீங்க வந்துருங்க." அப்பாவுக்குக் கோபம் வந்தது. "மாசம் எவ்வளவு தருவான்? பன்னெண்டாயிரமா? கூட்டுறவு பேங்குல ஒங்கம்மா நக கெடக்கு, இந்த ரூமுக்கு வாங்குனது கெடக்கு. நீ பி.ஈ. ரெண்டாம் வருசம் நேரா சேரணும். அதுக்கு ஒரு ஓட்டம் போயிட்டு வாரேன். ஒரே ஓட்டம்." ஒரு ஓட்டம் என்றால் ரெண்டு வருஷ ஒப்பந்தம். "அதுக்கப்புறம் நீ பாஸ்போர்ட்டு எடு. ஒனக்கு அந்த மூணெழுத்து வராது. எஞ்சினீயரா வந்து எறங்கு" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். போகும்போது, "ஒண்ணு போனது பத்தாதா?" என்று கேட்டது எங்கள் இருவருக்கும் காதில் விழுந்தது. ஆச்சிக்குக் காது கேட்காது, புதுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "எய்யா, சாப்ட்டியா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

மூன்று பேர் சொன்னதும் நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் முடிவு கிடைக்கவில்லை. நான் போக வேண்டாம் என்று சொன்னது அவர் மேல் உள்ள பாசத்தால் மட்டும் இல்லை. என் படிப்புக்காக ஒருவர் ஒற்றைக் கதவு உள்ள ரூமில் தூங்குகிறார் என்ற பாரம் எனக்கு வேண்டாம் என்பதும்தான். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுத வருகிறது.

பிப்ரவரியில் போய்விட்டார். போகிற அன்று புது அறைக்கு ஒரு பக்கம் வெள்ளையடித்தார். முன்அறைக் கோட்டை மட்டும் விட்டுவிட்டார்.

ஜூலையில் ஒரு நாள், மதியம் ஒன்றே முக்கால் இருக்கும், நான் இங்கே வராந்தாவில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. நமக்கும் குவைத்துக்கும் ரெண்டரை மணி நேர வித்தியாசம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணிவரை அங்கே திறந்த வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த ஓய்வில் அனுப்பியிருக்கிறார். கசங்கிய டிராயிங். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. கூடவே அவர் குரல்: "இதுல என்னலே எழுதிருக்கான்?"

பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பியோடு கம்பி சேர்க்கிற இடத்தில் விட்டத்தைப் போல் 50 மடங்கு ஏற்றிக் கட்ட வேண்டும் என்று இருந்தது. கம்பி 16 மில்லி. "800 மில்லி விடணும்பா, 80 செண்டிமீட்டர்" என்று பதில் அனுப்பினேன்.

"அதான் நானும் விட்டேன். ஃபோர்மேன் அறுவது போதும்னு சத்தம் போடுதான். எழுத்துல இருக்குல்லா?"

"இருக்குப்பா. மூணாவது வரி."

"சரி, நீ சாப்பிடு. நான் போய்க் காட்டுதேன்" என்றார்.