சிறுநீரகக் கல்லும் விண்வெளியும்

பெக்கி விட்சன் என்றதும் எல்லோரும் 695 நாள் கணக்கைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்கர்களில் விண்வெளியில் அதிக நாள் இருந்தவர், சரிதான். எனக்குப் பிடித்தது வேறு.

அயோவாவில் விவசாயக் குடும்பம். கோழி வளர்த்து விற்ற காசில் விமானம் ஓட்ட உரிமம் வாங்கிய பெண். ரைஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம். நாசாவில் ஆய்வு வேலை கிடைத்தது, ஆனால் விண்வெளி வீரர் வேலை? பத்து வருஷம் விண்ணப்பம் போட்டுப் போட்டு 1996-ல்தான் தேர்வானார்.

எடையற்ற இடத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் இறங்கும்; கல் உருவாகலாம். பொட்டாசியம் சிட்ரேட் மாத்திரை அதைத் தடுக்குமா என்று பார்த்த ஆய்வு இவருடையது. 2002-ல் மேலே போனபோது அதற்குத் தானே சோதனை ஆளாகவும் இருந்தார். மாத்திரை விழுங்குவது, சிறுநீரைப் பிடித்துவைப்பது. நாம் வாய்பிளக்கும் விண்வெளி சாகசத்தில் இந்த மாதிரி வேலையும் சேர்த்திதான்!

2007-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் பெண் கமாண்டர். கிளம்பும்முன் ஒரு கசாக் சாட்டையைப் பரிசளித்தார்கள், ஆட்களை அடக்கி வைக்க. அதைக் கீழேயே விட்டுவிட்டுப் போனார். 2025-ல் நம்ம இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா போன ஆக்ஸியம்-4 பயணத்துக்கும் இவர்தான் கமாண்டர். அப்போது வயது 65.