எழவு வீட்டைத் தாண்டாத குரல்

நியூ ஜெர்சிக்குக் குடிவரும் தமிழர்களுக்கு எடிசன் மளிகைக் கடைகளும் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலும் சீக்கிரமே பழகிவிடுகின்றன. அக்கம்பக்கத்து ஊர்களின் கதை அத்தனை சுலபத்தில் காதுக்கு வருவதில்லை. உதாரணமாக, ராப் இசையில் பெண்கள் தலையெடுத்த வரலாற்றில் இந்த மாநிலத்துக்குப் பெரிய பங்குண்டு.

எங்கிள்வுட்டில் 1979இல் சில்வியா ராபின்சன் தன் கணவருடன் தொடங்கிய சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ்தான், நியூயார்க் தெருக்களில் இருந்த ராப்பை நாடு முழுவதும் கொண்டுபோனது. அதே ஆண்டில் மூன்று கறுப்பினப் பெண்கள் சேர்ந்த 'தி சீக்வென்ஸ்' குழுவின் பாட்டையும் அது வெளியிட்டது. குவீன் லத்தீஃபா நியூவார்க்கில் பிறந்தவர். பெண்களை இழிசொல்லால் கூப்பிடுவதைத் தட்டிக்கேட்ட அவருடைய பாட்டுக்கு 1995இல் கிராமி விருது கிடைத்தது. சவுத் ஆரஞ்சில் வளர்ந்த லாரின் ஹில் 1999இல் ஒரே இரவில் ஐந்து கிராமி வாங்கினார்.

என்னை அதிகம் உலுக்கியவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த ராக்ஸேன் ஷாண்டே. தங்களைச் சட்டை செய்யாத ஒரு பெண்ணைப் பற்றி ஆண்கள் குழு ஒன்று பாடியிருந்தது. 1984இல், 14 வயதில், அந்தப் பெண்ணே வாய் திறந்தால் என்ன கேட்பாள் என்று நின்ற இடத்தில் கட்டிப் பாடினார் ஷாண்டே. அதற்குப் பதிலும், பதிலுக்குப் பதிலுமாகப் பாட்டுகள் வந்து குவிந்தன.

அதைக் கேட்டபோது எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்து ஒப்பாரிதான் என் நினைவுக்கு வந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள்மேல் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்துக்கொள்வார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். போனவரின் பெருமையில் தொடங்கும் பாட்டு, சீர் கொண்டுவராத அண்ணனையும் சோறு போடாத மகனையும் பெயர் சொல்லாமலே நடுவில் இழுத்து நிறுத்தும். அந்த நேரத்தில் எந்த ஆணும் குறுக்கே பேச மாட்டான். எழுதிவைக்காத சொல்லைத் தாளம் தப்பாமல் அடுக்கும் அந்தத் திறமை எழவு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. செய்யாறு, ஆரணிப் பக்கத்துக் கூத்து மேடையில் பாஞ்சாலியாக வேடம் கட்டியதும் காலங்காலமாக ஆண்கள்தான்.

இந்த வாசலைத் தாண்டிய தமிழ்ப் பெண்கள் உண்டு. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாயா அருள்பிரகாசம் ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண். அமெரிக்க விசா கிடைக்காத காலத்தில் சென்னைக்கு வந்து உருமி மேளத்தைப் பதிவுசெய்தார். 2007இல் வெளிவந்த ஆல்பத்துக்குத் தன் அம்மாவின் பெயரான 'கலா'வையே வைத்தார். 2009 பிப்ரவரியில் நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையேறி, ஜே-ஸி போன்ற பெரிய ராப்பர்களுக்குச் சரிசமமாக நின்றார். இலங்கையின் வன்னியில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அங்கே சாகும் மக்களைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் பேசினார். இங்கே அப்போது அதைப் பேச ஆள் இல்லை என்று தவித்த எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

வடசென்னையில் வளர்ந்த இசைவாணி, ஆண்கள் சாவு வீடுகளில் பாடிவந்த கானாவைக் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவோடு மேடையில் பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

அமெரிக்கத் தமிழ் விழாக்களுக்கு சினிமாப் பாடகர்களை விமானச் சீட்டு எடுத்து அழைக்கிறோம். அதே மேடையும் அதே சம்பளமும் எங்கள் ஊர் ஒப்பாரிக்காரிகளுக்கும் கிடைக்க வேண்டும். இங்கே வளரும் நம் பெண்பிள்ளைகள் ராப்பைக் கறுப்பினப் பெண்களிடமிருந்து கற்கிறார்கள். அந்தக் கடனை அவர்கள் மறக்கக் கூடாது. தங்கள் பாட்டிகளும் பாட்டுக் கட்டியவர்கள்தான் என்பதையும் தெரிந்துகொண்டு பாடட்டும்.