புள்ளி தொலையாமல் சுருக்குவது

தோட்டத்து லயத்தில் ஒரு தகரப்பெட்டிக்குள் கிடந்த பழைய மலையகச் சஞ்சிகை அது. ஓரமெல்லாம் கரையான் தின்னுருச்சு. 48 பக்கம். பேராதனை அறையில் ஸ்கேன் பண்ணி, கொழும்பு நண்பனுக்கு அனுப்ப உட்கார்ந்தோம்.

ஏ4 பக்கமொன்றை 300 டிபிஐயில் முழு வண்ணத்தில் எடுத்தால், சுருக்காமல் ஏறக்குறைய 25 எம்பி. ஜிமெயிலில் ஒரு மடலுக்கான எல்லையே அவ்வளவுதான்! மொத்தம் 1.2 ஜிபி. நம்ம டேட்டா தாங்குமா?

ஜேபெக் ஆக்கினோம், குறைந்தது. அதையே ஸிப் பண்ணினோம், அசையவே இல்லை. பிழிந்த துணியைத் திரும்பப் பிழிந்தால் என்ன வரும்? தரத்தை இன்னும் இறக்கினோம். "மச்சான், புள்ளியைக் காணோம்டா!" 'க்' எல்லாம் 'க' ஆகியிருந்தது.

திரும்ப முதலிலிருந்து. அட்டை மட்டும் வண்ணம், உள்பக்கங்கள் சாம்பல் நிறம், தரம் நடுத்தரம். புள்ளிகள் தெரிந்தன. நாலு பகுதியாகப் பிரித்து அனுப்பினோம்.

சுருக்காத மூலக்கோப்புகளை அழிக்கவில்லை; இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்தே போயின. எங்க பெட்டியிலும் அந்தச் சஞ்சிகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.